"எனக்கு லீவு எந்த நாள், முதலாளி?"

(சுரண்டையில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்தல், தொகுதி, இடஒதுக்கீடு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பேச வேறு மேடைகள் இருக்கின்றன. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய விஷயம். வாரத்தில் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள் எந்த நாள் என்ற கேள்வி. அவ்வளவுதான்!

சிறிய விஷயமா, பெரிய விஷயமா என்பதைக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

சுரண்டை வியாபார ஊர். காய்கறிக் கமிஷன் கடை, பலசரக்கு, ஜவுளி, பாத்திரம், பேக்கரி, ஹோட்டல், செல்போன் கடை என்று எல்லாம் இருக்கின்றன. இங்கே வேலை பார்ப்பது போதாதென்று சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் சென்னை மண்ணடிக்கும் தியாகராய நகருக்கும் போகிறார்கள். கேரளத்து பேக்கரிகளுக்குப் போகிறார்கள். மலேசிய உணவகங்களுக்கும் வளைகுடாவின் பகாலாக்களுக்கும் போகிறார்கள். ஊர் மாறுகிறது, நாடு மாறுகிறது, வேலை மட்டும் மாறுவதில்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே இருக்கும் வேலை!

இந்தப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். சம்பளம் குறைவு என்பதை இரண்டாவதாகத்தான் சொல்வார்கள். முதலில் வரும் குறை இதுதான்: "எத்தனை மணிக்கு விடுவாங்கன்னு தெரியலை. என்னைக்கு லீவுன்னும் தெரியலை."

இரவு கடை சாத்தும்போது முதலாளி சொல்கிறார்: "நாளைக்கு யாவாரம் இருக்காது, நீ லீவு எடுத்துக்கோ." அந்த லீவை வைத்து அந்தப் பையன் என்ன செய்வான்? ஊருக்குப் போக பஸ் இல்லை. நண்பர்கள் வேலையில் இருப்பார்கள். உம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக டாக்டரிடம் முன்பே நாள் வாங்கியிருக்க வேண்டும். படுத்துத் தூங்குகிறான், எழுந்து மறுபடி கடைக்குப் போகிறான். அடுத்த வாரம் லீவே கிடையாது. அதற்கடுத்த வாரம் லீவு என்று சொல்லி, காலை பத்து மணிக்குப் போன் வருகிறது: "லோடு வந்திருக்கு, ஒரு மணி நேரம் வந்துட்டுப் போ." ஒரு மணி நேரம் இரவு ஒன்பது மணி வரை நீள்கிறது!

முதலாளியின் கணக்கில் அந்தப் பையனுக்கு மாதம் மூன்று லீவு கொடுத்தாயிற்று. பையனின் கணக்கில் ஒன்றுகூட இல்லை. இருவருமே பொய் சொல்லவில்லை, சகோதரர்களே! முன்கூட்டித் தெரியாத லீவைக் கொடுத்தவர் கணக்கில் எழுதுகிறார். வாங்கியவனுக்கு அது கைக்கு வந்து சேரவே இல்லை.

"பார்க்கலாம்"

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. கடையின் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் முன்பே லீவு கேட்டான். முதலாளி "பார்க்கலாம்" என்றார். ஒரு வாரம் கழித்துக் கேட்டான். "பார்க்கலாம்." முந்தின நாள் இரவு கேட்டபோது, "நாளைக்குச் சரக்கு வருதே... மத்தியானம் போயிரு" என்றார். சரக்கு லாரி மத்தியானம்தான் வந்தது. அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாப்பா இல்லாத வீடு. மூத்த ஆண்பிள்ளையாக சபையில் உட்கார வேண்டியவன் அவன்.

அடுத்த மாதமே அந்தக் கடையை விட்டுவிட்டான். நான்கு வருடம் தொழில் பழகிய பையன். எந்தச் சரக்கு எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. அந்த முதலாளி இன்றுவரை அதுபோல் ஒரு பையன் கிடைக்கவில்லை என்று என்னிடமே சொல்லிக் குறைப்படுகிறார். அவர் கெட்டவர் அல்லர். ஜமாஅத்துக்கு அள்ளிக் கொடுப்பவர். அவர் வாயில் "பார்க்கலாம்" என்ற வார்த்தை பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

நம் கடைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. வேலைக்கு இருப்பவன் மச்சான் மகனாக இருப்பான், இல்லாவிட்டால் அதே ஜமாஅத்துப் பிள்ளையாக இருப்பான். கடைக்கு மேலேயே தங்குவான், முதலாளி வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிடுவான். "நம்ம புள்ளைதானே, அவனுக்கென்ன நேரம் காலம்?" என்ற பேச்சு வந்துவிடும். சொந்தக்காரப் பையனுக்குத்தான் இரவு பன்னிரண்டு மணிக்குச் சரக்கு இறக்கும் வேலை வருகிறது. வெளியாள் என்றால் கேட்கத் தயங்குவோம். அவனும் வாய் திறக்க மாட்டான். திறந்தால் "முதலாளியை எதிர்த்துப் பேசினான்" என்ற செய்தி, அவன் ஊர் போய்ச் சேருமுன் அவன் உம்மாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்! சொந்தம் என்பதற்காக ஒருவனுடைய ஓய்வை எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வியாபாரிகள் பலர், தொழிலாளர் சட்டம் என்றாலே மில்லுக்கும் பாக்டரிக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1947ஆம் ஆண்டிலேயே கடைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டாயிற்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று அதற்குப் பெயர். நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர இடைவெளி தர வேண்டும். ஓவர்டைமுக்குக் கூலி இரட்டிப்பு.

இனி நம் கேள்விக்கு வருகிறேன். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. கடைக்கு வார விடுமுறை எந்த நாள் என்பதை எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்ட வேண்டும். அந்த நாளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்றக் கூடாது! கவனியுங்கள். லீவு கொடு என்று மட்டும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல், சொன்னதை அடிக்கடி மாற்றாதே என்றும் சொல்கிறது. சுவரில் மாட்டச் சொன்ன அந்தக் காகிதத்தை எத்தனை கடைகளில் பார்க்கிறோம்?

"இப்போது கடையை வருடம் முழுக்கத் திறந்து வைக்கலாம் என்று அரசாங்கமே உத்தரவு போட்டுவிட்டதே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் 365 நாளும் திறந்திருக்கலாம் என்று 2019 மே மாதம் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. 2022லும் 2025லும் அது நீட்டிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆணையின் நிபந்தனைகளைப் படித்தவர்கள் குறைவு. கடைக்கு விடுமுறை இல்லாமல் போகலாம், ஆளுக்கு விடுமுறை உண்டு. சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் கொடுக்கும் அளவுக்குக் கூடுதல் ஆள் வைக்க வேண்டும். இன்று யார் யாருக்கு விடுமுறை என்பதைத் தினந்தோறும் எழுதி மாட்ட வேண்டும். ஓவர்டைமோடு சேர்த்து நாளுக்குப் பத்தரை மணி நேரம், வாரத்துக்கு 57 மணி நேரம் என்பதே உச்சவரம்பு.

மத்திய அரசு 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றிலும், தொழிலாளியின் சம்மதத்துடன்தான் ஓவர்டைம் வாங்கலாம், அதற்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்று இருக்கிறது. 10 பேருக்கும் அதற்கு மேலும் வேலை தரும் நிறுவனங்களுக்கான சட்டம் அது. அந்தத் தொகுப்புகளின் மற்ற அம்சங்களைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கின்றன. அந்த விவாதத்துக்குள் இன்று நான் போகவில்லை.

சட்டத்தைக் கணக்காக்கிப் பார்ப்போம். ஒரு பையனுக்கு மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். காலை 9 மணிக்கு வந்து இரவு 9.30க்குப் போகிறான். நடுவில் அரை மணி நேரம் சாப்பாடு. ஆக 12 மணி நேர வேலை. எட்டு மணி நேரம் போக நான்கு மணி நேரம் கூடுதல். மாதம் 26 நாள் என்றால் 104 மணி நேரம். அவனுடைய ஒரு மணி நேரக் கூலி சுமார் 58 ரூபாய், இரட்டிப்பு என்றால் சுமார் 115 ரூபாய். பெருக்கிப் பாருங்கள்... சரியாக 12,000 ரூபாய் வரும்! இன்னொரு முழுச் சம்பளம்! பணமே கொடுத்தாலும் இத்தனை மணி நேரம் வேலை வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அது வேறு விஷயம். மாதாமாதம் ஒரு சம்பளத்தைக் கொடுத்து இரண்டு சம்பளத்துக்கான உழைப்பை வாங்குகிறோம் என்பதைக் கணக்குத் தெரிந்த நீங்களே சொல்லுங்கள், அது எந்தப் பற்றில் வரும்?

இந்த மண்ணில் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வெள்ளைக்காரன் விரும்பிக் கொடுத்தது என்று நம் இளைஞர்களில் பலர் எண்ணுகிறார்கள். பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல வருடம் போராடி, 1890இல்தான் அங்கே அது கிடைத்தது. நம் பக்கத்துக்கு வாருங்கள். தூத்துக்குடி கோரல் மில். 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். முன்னால் நின்றவர்கள் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். கேட்டது கூலி உயர்வும் வார விடுமுறையும். ஒன்பது நாள் நடந்த அந்த வேலைநிறுத்தத்தின் முடிவில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலியை உயர்த்தவும் வேலை நேரத்தைக் குறைக்கவும் ஞாயிறு விடுமுறை தரவும் ஒப்புக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார்!

வியாபாரப் பெருமக்களுக்கு இதை நான் ஏன் சொல்கிறேன்? அந்த வ.உ.சி. வெறும் தொழிற்சங்கத் தலைவர் அல்லர். கப்பல் கம்பெனி நடத்தியவர். நம்மைப் போலப் பங்கு, முதல், லாபம், நஷ்டம் பார்த்தவர். அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 8,000 பங்குகளை, 2 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். அந்தக் காலத்து 2 லட்சம்! வியாபாரம் செய்பவன் உழைப்பவனுடைய விடுமுறைக்காகப் பேசக் கூடாது என்று சொல்வோர் நம் பக்கத்துச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.

அதிகம் பின்னோக்கிப் போக வேண்டாம். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாள் அது திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். தமிழ்நாட்டையே உலுக்கிய அந்தப் 12 மணி நேரம், நம் கடைகளில் எந்தத் திருத்தமும் இல்லாமல் பல வருடமாக நடந்துகொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜும்ஆவும் லீவும் ஒன்றல்ல

நம் சமுதாயத்துக் கடைகளில் ஒரு பதில் அடிக்கடி வரும். "வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒன்றரை மணி நேரம் விடுகிறோமே, அதுதான் லீவு!" இது தவறு. அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டு வரவேண்டும், தொழுகை முடிந்ததும் பிழைப்பைத் தேடிக் கலைந்து செல்லலாம் என்பது நமக்குத் தெரிந்த மார்க்கக் கட்டளை. ஜும்ஆ கடமை. அதை ஓய்வுக் கணக்கில் எழுதிக் கழிப்பது முறையல்ல. அதுபோல, சொந்தக்காரர் மய்யித்துக்குப் போன அரை நாளையும், காய்ச்சலில் கிடந்த நாளையும் வார லீவில் கழிப்பதும் முறையல்ல. கடைச் சட்டத்தில் ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு ஆண்டு விடுப்பு 12 நாள், நோய்க்கு 12 நாள், அவசரத்துக்கு 12 நாள் என்று தனித்தனியாகவே இருக்கிறது. பெருநாள் விடுமுறைக்கோ 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், பண்டிகைக்கென ஐந்து நாட்களும் சம்பளத்தோடு உண்டு. அந்த ஐந்தில் நம் பெருநாட்களைக் கேட்கலாம். நம் கடைகளில் வேலை பார்க்கும் மாற்று மதச் சகோதரர்கள் தீபாவளியையும் பொங்கலையும் கிறிஸ்துமஸையும் கேட்பார்கள். கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் நம் சகோதரிகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் இந்தக் கடைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே கேரளம் சட்டம் போட்டது. அதன் பின்னால் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள் நடத்திய போராட்டம் இருந்தது. நம்மூர்க் கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. அதில் உட்கார்ந்தால் முறைக்கிற சூப்பர்வைசரும் பக்கத்திலேயே நிற்கிறார்!

(பீடி சுற்றும் தாய்மார்களைப் பற்றி ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். அவர்களுக்கு லீவு என்ற பேச்சே இல்லை, சுற்றினால்தான் கூலி. அது தனிக் கூட்டத்தில் பேச வேண்டிய பெரிய விஷயம்.)

முதலாளியின் கஷ்டமும் கஷ்டம்தான்

முன்வரிசையில் சிலர் முகம் வாடியிருப்பதைப் பார்க்கிறேன். உங்கள் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஒரு ஆளை வைத்துக் கடை நடத்துகிறவர் உங்களில் பாதிப்பேர். உங்களுக்கே லீவு கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்குவதும் நீங்கள், இரவில் இறக்குவதும் நீங்கள். ஒரு பக்கம் சூப்பர் மார்க்கெட், மறுபக்கம் போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வரும் சரக்கு. காய்கறி மண்டிக்காரருக்கோ விவசாயி எப்போது கொண்டுவருவார், கேரளத்து லாரி எப்போது கிளம்பும் என்பது கையில் இல்லை. ஓணம் வந்தால் இராப்பகல் கிடையாது. குற்றாலம் பக்கம் கடை வைத்திருப்பவருக்குச் சாரல் விழுகிற அந்த இரண்டு மூன்று மாதம்தான் வருடத்துக்கே வருமானம்.

எல்லாம் சரி. ஆனால் ஒன்று சொல்லுங்கள். ஓணம் எந்தத் தேதி என்பது பஞ்சாங்கத்தில் இல்லையா? சீசன் ஜூனில் வரும் என்பது தெரியாதா? ரமளான் கடைசிப் பத்தில் ஜவுளி ஓடும், மாசச் சம்பளம் வந்த வாரம் பலசரக்கு ஓடும் என்பதை இருபது வருடம் கல்லாவில் உட்கார்ந்த உங்களுக்கு வேறு யாராவது சொல்லித்தர வேண்டுமா? நூற்றுக்கு எண்பது நாள் வியாபாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்ததை அந்தப் பையனிடம் சொல்வதில்லை. அதில்தான் குறை.

லீவை முன்கூட்டிச் சொன்னால் வியாபாரம் கெடுமா? அமெரிக்காவில் ஒரு துணிக்கடை நிறுவனத்தின் 28 கடைகளில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். கேப் என்று அந்த நிறுவனத்துக்குப் பெயர். சில கடைகளில் வேலை நேரத்தை நிலையாக வைத்து, முன்கூட்டி அறிவித்தார்கள். மற்றவற்றைப் பழையபடி விட்டார்கள். 2018இல் முடிவு வெளியானது. நிலையான நேரம் வைத்த கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியிருந்தது! காரணம் நமக்குப் புரியாததா? பழகிய ஆள் நின்றால் வாடிக்கையாளர் நிற்பார். அமெரிக்கக் கடையும் நம் கடையும் ஒன்றா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் நான்கு வருடப் பையனை இழந்த அந்த முதலாளியின் கதையை நம் ஊரிலேயே பார்த்தோமே.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் மக்கள் கடை நடத்துகிறார்கள். அங்கே சட்டம் என்ன தெரியுமா? ஓய்வு நாள் மாறி மாறி வருமென்றால், மாதம் தொடங்கும் முன்பே யாருக்கு எந்த நாள் என்று பட்டியல் போட்டுத் தெரிவிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022இல் வந்த புதிய சட்டப்படி, வார ஓய்வு நாளில் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் ஒருவரை வேலைக்கு அழைக்கக் கூடாது. ரமளானில் தினம் இரண்டு மணி நேரம் வேலை குறையும். சவூதியில் ரமளானில் முஸ்லிம் தொழிலாளிக்கு நாளுக்கு ஆறு மணி நேரம்தான். அங்கேயும் மீறுகிறவர்கள் உண்டு, பகாலாவில் இருக்கும் தம்பிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இரண்டு பேர் இருக்கும் கடையில் ஒருவருக்குச் செவ்வாய், இன்னொருவருக்கு வியாழன் என்று நிலையாக வைத்துவிடுங்கள். எந்த நாள் யாருக்கு என்பதில் சண்டை வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஒரே ஆள் இருக்கும் கடை என்றால் பக்கத்துக் கடைக்காரரோடு பேசி, இருவரும் வெவ்வேறு நாளில் கடையை மூடுங்கள். சந்தையோ முகூர்த்தமோ வந்து லீவு நாளை மாற்றத்தான் வேண்டும் என்றால், மாற்று நாளையும் அதே நேரத்தில் சொல்லிவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" வேண்டாம். கூடுதல் நேரம் நின்றால் அன்றைக்கே நோட்டில் எழுதி, அந்த மாதச் சம்பளத்தோடு கொடுத்துவிடுங்கள். கூலியைத் தாமதப்படுத்தாதீர்கள், பணியாளர் மீது தாங்க முடியாத சுமையை ஏற்றாதீர்கள் என்பதெல்லாம் நாம் மிம்பரில் வருடம் தவறாமல் கேட்கும் போதனைகள்.

தம்பிமார்களுக்கு...

உங்களிடமும் கணக்குக் கேட்க வேண்டும். லீவு கேட்கப் பயந்துகொண்டு, "பாட்டிக்குச் சீரியஸ்" என்று பொய் சொல்லிவிட்டு ஊருக்குப் போவது யார்? ஒரே பாட்டியை மூன்று தடவை மய்யித்தாக்கிய தம்பியும் நம்மில் உண்டு! அந்த ஒரு பொய்யால், மறுமாதம் உண்மையாகவே உம்மாவுக்கு உடம்பு சரியில்லாதவன் லீவு கேட்டாலும் முதலாளி நம்புவதில்லை.

ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை மணிக்கு வந்தேன், இத்தனை மணிக்குப் போனேன், எந்த நாள் லீவு சொன்னார்கள், எந்த நாள் கொடுத்தார்கள் என்று தினமும் எழுதுங்கள். போனில் எழுதினாலும் சரி. சண்டை போடுவதற்காக அல்ல. பேச்சு வரும்போது "நிறைய வேலை வாங்குறீங்க" என்று சொன்னால் அது புலம்பல். "போன மாதம் 26 நாளில் 90 மணி நேரம் கூடுதலாக நின்றிருக்கிறேன், இரண்டு லீவு ரத்தாகியிருக்கிறது" என்று சொன்னால் அது கணக்கு. வியாபாரி கணக்குக்கு மரியாதை கொடுப்பான்.

ஒருவன் தனியாகக் கேட்டால் ஒதுக்கப்படுவான். கடையில் உள்ள நான்கு பேரும் சேர்ந்து, வியாபாரம் இல்லாத நேரமாகப் பார்த்து, மரியாதையாகக் கேளுங்கள். கூட்டத்துக்கு நடுவில் வாடிக்கையாளர் முன்னால் கேட்காதீர்கள். கேட்டும் நடக்கவில்லை என்றால் ஜமாஅத்துப் பெரியவர்களிடமோ வியாபாரிகள் சங்கத்திடமோ சொல்லுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாநில அரசின் தொழிலாளர் துறை இருக்கிறது. கடைச் சட்டத்தை அமல்படுத்துவது அவர்கள் வேலை. புகாரை எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த லீவைப் போனைப் பார்த்தே கழித்தால் அடுத்த லீவைக் கேட்க உங்களுக்கே வாய் வராது. சுரண்டையில் அரசுக் கல்லூரி இருக்கிறது. அஞ்சல் வழியில் பட்டம் படிக்கலாம். தேர்வுத் தேதியை முன்பே சொல்லி அந்த நாட்களைக் கேட்டு வாங்குங்கள். படிக்கிற பையனைத் தடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எந்த முதலாளியும் விரும்பமாட்டார்.

ஒரு வியாபாரி எழுந்து கேட்கிறார்: "ஓணத்துக்கு முந்தின வாரம் எனக்கு ஒரு ஆளுக்கும் லீவு கொடுக்க முடியாது. என்ன செய்யச் சொல்றீங்க?"

நல்ல கேள்வி. அந்த வார லீவை விட்டுக்கொடுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. அதனால் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேச வேண்டும். ஓணத்துக்கு ஒரு மாதம் முன்பே பேசுங்கள். கூடுதல் ஆளை அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் தினக்கூலிக்கு வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். கல்லூரி படிக்கும் பையன்கள் கிடைப்பார்கள். மூட்டைக் கணக்கு எழுதவும் எடை போடவும் அவர்களுக்குத் தெரியும். உங்கள் பழைய ஆட்களுக்கு அந்த வாரத்திலேயே ஒருவர் மாற்றி ஒருவராக லீவு கொடுக்க அது வழிசெய்யும். யாராவது தானாகவே நிற்கிறேன் என்றால் இரட்டைக் கூலியைக் கொடுத்து, ஓணம் முடிந்த மறுவாரத்தில் எந்த நாள் அவருக்கு மாற்று லீவு என்பதையும் இப்போதே எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

வாசலில் மேசைமேல் லீவுப் பட்டியல் படிவம் அச்சடித்து வைத்திருக்கிறோம். இடதுபக்கம் பெயர், மேலே ஏழு கிழமை, கீழே முதலாளி கையெழுத்து. கடைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடை இருப்பவர் இரண்டு எடுக்கலாம்.